ஒரு கைத்துவக்கும் ஒரு கடிதமும்

1

இந்த நாட்டில் ஒருவர் துப்பாக்கி அனுமதிக்கு விண்ணப்பித்தால், அவருடைய மனைவியும் அந்தப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். சம்மதம் என்பதற்காக அல்ல, தனக்குத் தெரியும் என்பதற்காக. கையெழுத்திடத் தயக்கமாக இருந்தால் பேசலாம் என்று கீழே சிறிய எழுத்தில் ஒரு தொலைபேசி எண்ணும் போட்டிருக்கிறார்கள்.

என் கணவருக்கு மான் வேட்டைக்குப் போக ஆசை வந்திருக்கிறது. மட்டக்களப்பின் கிரானில் பிறந்தவர். இங்கே கனடாவின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ஊரில், இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கூட வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஒருவர் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் வேட்டைக்கு அழைக்கிறார். தன்னுடைய பழைய துப்பாக்கியை மலிவாகத் தருவதாகவும் சொல்லியிருக்கிறார்.

"இந்தா, இதுல ஒரு கையெழுத்து வை" என்றார் கணவர்.

"நீங்க வாசிச்சீங்களா?"

"வாசிக்கிறது உன்ட டிப்பாட்மென்ட் எல்லுவா? வீட்டுல படிச்ச ஆள் நீதானே."

"இதை நீங்கதான் வாசிக்கோணும். சத்தமா. ஒரு வரி விடாம."

எட்டு வயது மகள் மேசையின் மறுபக்கத்தில் இருந்து சிரித்தாள். "அம்மா, இது சும்மா ஒரு ஃபோர்ம். சைன் பண்ணுங்க." நான் ஏதோ ஒரு ஆங்கிலச் சொல்லைச் சொல்ல, அதையும் திருத்தினாள். இப்போதெல்லாம் என் உச்சரிப்பைத் திருத்துவது அவளுக்கு விளையாட்டு.

அவர் முனகிக்கொண்டே நாலு பக்கத்தையும் வாசித்து முடித்தார். நான் கையெழுத்திட்டேன். ஏன் இந்தப் பிடிவாதம் என்று அவர் கேட்கவில்லை. அந்த வாரம் என் அப்பாவின் முதலாவது ஆண்டுத் திவசம். அதனால்தான் இப்படி இருக்கிறாள் என்று நினைத்திருப்பார். அது முழுப் பிழையும் இல்லை.

நான் வாசிக்க மறுத்ததற்குக் காரணம் வேறொரு துப்பாக்கி. அதை வாங்குவதா இல்லையா என்பதை இருபது வயதில் நான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அப்பா உயிரோடு இருக்கும்வரை இதை எழுதவில்லை. அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் ஊரில் யாராவது வாசித்துக் காட்டிவிடுவார்கள் என்று பயந்தேன்.

2

எங்கள் வீடு மட்டக்களப்பு வாவியின் கிழக்கே, எழுவான்கரையில். அப்பாவின் வேலை அக்கரையில், வவுணதீவுக்கு அப்பால். அவருக்குச் சொந்த வயல் இல்லை. பலருடைய வயல்கள் ஒன்றாய்க் கிடக்கும் ஒரு வட்டைக்கு அவர் காவல்காரர். பன்றியும் யானையும் பயிருக்குள் இறங்காமல் பார்க்க வேண்டும். கிழமையில் நாலைந்து நாள் அங்கேயே, வாடி என்கிற காவல் குடிலில் தங்குவார்.

ஒரு காலத்தில் அதற்காக லைசென் எடுத்த ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று வைத்திருந்தார். சண்டை தொடங்கிய காலத்தில் எல்லோரையும் போல அவரும் அதை ஒப்படைத்துவிட்டார். துவக்குப் போனாலும் லைசென் புத்தகம் அவரிடம் இருந்தது. பொலித்தீனில் சுற்றி, தகரப் பெட்டியில், என் பரீட்சைப் பெறுபேற்றுத் தாளோடு வைத்திருந்தார். முத்திரை குத்திய எந்தக் கடதாசியையும் அவர் எறிந்ததில்லை. ஒருமுறை பழைய பஸ் சீசன் டிக்கெட் ஒன்றைக்கூட அந்தப் பெட்டிக்குள் கண்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். அப்பாவும் அப்படி அம்மாவின் வீட்டுக்கு வந்தவர்தான். எனக்குப் பதினெட்டு வயதானதும் வீட்டை என் பெயருக்கு எழுதினார்கள். உறுதிப் பத்திரத்தை நானே எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மாவின் பக்கத்திலும் அப்பாவின் பக்கத்திலும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். உயர்தரமும் சித்தியடைந்திருந்தேன். ஊர்ச் சனங்கள் கடிதம் எழுத என்னிடம்தான் வருவார்கள். தடுப்புக்காவலில் இருக்கும் மகனுக்காக ஒருத்தி வருவாள், நிவாரண அட்டையில் பெயர் விடுபட்டதென்று இன்னொருத்தி வருவாள். அடிமட்டம் வைத்து இடப்பக்கம் கோடு கிழித்து, தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக எழுதிக் கொடுப்பேன். என் கடிதத்துக்குப் பதில் வரும் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சை நான் நன்றாக நம்பினேன்.

3

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு வீடுகளுக்குள் ஆயுதத்தோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் வேலிக்கு அடுத்த வீட்டுக்கு ஒரு பின்னேரம் மூன்று பேர் வந்தார்கள். இருந்த நகையை எடுத்தார்கள். பிறகு அந்த வீட்டுப் பிள்ளையைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார்கள். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். அன்றைக்குப் பிறகு அவளை நான் வெளியில் காணவில்லை.

அப்பா வட்டையிலிருந்து வந்து இதைக் கேட்டார். சாப்பிடாமல் இருந்தார். இரண்டு நாள் கழித்து என்னை டவுனுக்குக் கூட்டிப்போனார்.

பெனடிக் ஐயா பழைய ஐரோப்பியர் வழிவந்த பறங்கிக்காரர். தையல் மெசின், பூட்டு, சைக்கிள், துவக்கு எல்லாம் திருத்துவார். அவுஸ்திரேலியாவில் இருக்கும் மகனிடம் போவதற்காகச் சாமான்களை ஒவ்வொன்றாய் விற்றுக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு, எண்ணெய்ச் சீலையில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். ரிவோல்வர். பிடியில் ஒரு பக்கத்து மரம் வெடித்திருந்தது.

"எந்தக் காலத்துச் சாமான் ஐயா இது?" என்று கேட்டார் அப்பா.

"உங்களுக்கும் எனக்கும் மூப்பு. நில அளவைக்கு வந்த தொரை ஒருத்தர் திருத்தத் தந்திட்டுப் போனவர். கிறுகி வரல்ல."

"சுடுமா?"

"சுடும். எப்ப சுடும் எண்டுறது அதுக்குத்தான் தெரியும்."

"குண்டு?"

"மூணு கிடக்கு. மூணும் வெடிக்கும் எண்டு மாதாவில சத்தியம் பண்ணச் சொன்னா மாட்டன்."

"வெடிக்கத் தேவல்ல ஐயா. காட்டினாக் காணும்."

"காட்டினா அவன் ஓடுவான் எண்டா நினைக்கிறீங்க? அவன்ட கையில இருக்கிறது இதவிடப் பெரிசு."

அப்பா சட்டைப் பையிலிருந்து பொலித்தீன் சுற்றை எடுத்தார். "லைசென் இருக்கு எங்களிட்ட."

பெனடிக் ஐயா அதைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "மகள் வாசிச்சுச் சொல்லல்லியா? இது ஒத்தக் குழலுக்கு. அதுவும் காலம் முடிஞ்சது."

"துவக்கு துவக்குத்தானே ஐயா" என்றார் அப்பா. அந்த முத்திரை இருக்கும்வரை எந்தத் துவக்கையும் அது காப்பாற்றும் என்பது அவருடைய எண்ணம்.

நாலு மூடை நெல்லுக்குத் தருவதாகப் பேச்சு முடிந்தது. நான் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு கொத்து அரிசியின் பாரம் இருந்தது. கிணற்றடியை நினைத்தேன். வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடுத்த நிமிடம் ஆமியின் சுற்றிவளைப்பை நினைத்தேன். இப்படி ஒன்று வீட்டில் அகப்பட்டால் அப்பாவைத் திரும்பக் காண முடியாது. மேசையில் வைத்துவிட்டேன்.

வெளியே வந்ததும் அப்பா சொன்னார்: "வீடு உன்ட, புள்ள. அதுக்குள்ள இருக்கப்போறதும் நீயும் அம்மாவும்தான். வேணுமெண்டா வேணும், வேணாமெண்டா வேணாம். நீ படிச்ச புள்ள. யோசிச்சுச் சொல்லு. ஒருத்தரிட்டயும் வாய் திறக்காத."

4

யோசித்தேன். வாங்கினால் ஒரு பயம், வாங்காவிட்டால் இன்னொரு பயம். படிக்காதவர்கள் இந்த இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்வார்கள், படித்தவளுக்கு மூன்றாவது வழி இருக்கிறது என்று நினைத்தேன். உரிய இடத்தில் எழுதிக் கேட்பது.

இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அப்போது கூசவில்லை. பழைய லைசென் இலக்கத்தைப் போட்டு, 'மேற்படி அனுமதியின் கீழ் எனது பாதுகாப்புக்காகப் பாவித்த கைத்துப்பாக்கியொன்றைக் கொள்வனவு செய்ய உத்தேசித்துள்ளேன், அதற்கான ஒழுங்குமுறையைத் தயவுடன் அறியத் தரவும்' என்று அப்பா எழுதுவதுபோல எழுதினேன். பெனடிக் ஐயாவின் பெயரை எழுதவில்லை. அந்த அளவுக்கு எனக்கு விளக்கம் இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அகராதி பார்த்து ஆங்கிலப் பிரதியையும் எழுதினேன். கீழே அப்பாவின் முழுப் பெயர், விலாசம்.

அப்பா பெருவிரல்தான் வைப்பார். ஊதா மைத் திண்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"என்ன கடிதாசி?"

"நிவாரணத்துக்கு."

"எங்க வைக்கிற?"

"இதில அப்பா. மறுகா இதிலயும்."

இரண்டு பிரதியிலும் விரலை அழுத்தினார். மை விரலைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனார். உண்மையைச் சொல்லியிருந்தால் தடுத்திருப்பார். அதனால்தான் சொல்லவில்லை. அவருக்கு விளங்காத ஒன்றை அவருக்காக நான் செய்கிறேன் என்பதுதான் அன்றைய என் நினைப்பு.

லைசென் கொடுக்கும் கச்சேரிக்கு, அரசாங்க அதிபரின் பெயருக்கு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். தபால் ரசீதுத் துண்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

மூன்று கிழமையாகப் பதில் இல்லை. பதில் வராதது எனக்கு அவமானமாக இருந்தது, அவ்வளவுதான். கடைசியில் அப்பாவிடம் சொன்னேன்: "வேணாம் அப்பா. லைசென் அதுக்குச் சரிவராது. வீட்டுல வைக்கப்படாது."

"சரி புள்ள. நீ சொன்னாச் சரி."

வேலிக்கு முள்ளுக்கம்பி இன்னொரு வரி இழுத்தார். கதவுக்கு உள்பக்கம் இரும்புச் சட்டம் ஒன்று போட்டார். நல்ல முடிவு எடுத்துவிட்டேன் என்று திருப்தியாக இருந்தேன்.

5

இங்கே வந்த புதிதில், அகதி விண்ணப்பத்துக்காக என் பத்து விரல்களையும் மையில் உருட்டி எடுத்தார்கள். எடுத்த பெண் மிகவும் அன்பானவள். ஒவ்வொரு விரலையும் பிடித்து, தளர்வாக விடு, தளர்வாக விடு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். என்னால் முடியவில்லை. மூன்று முறை எடுக்க வேண்டி வந்தது. ஊரில் என்ன வேலை செய்தாய் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்கள். மற்றவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன் என்றேன். அவர் அதை எப்படிச் சொன்னாரோ தெரியாது, கோப்பில் 'தபால் ஊழியர்' என்று பதிந்திருக்கிறது. அதைத் திருத்தும்படி நான் ஒருநாளும் எழுதவில்லை. இந்த நாட்டில் கடிதம் எழுதுவதை முடிந்தவரை தவிர்த்து வருகிறேன். தொலைபேசியில் காத்திருப்பேன், நேரில் போய் வரிசையில் நிற்பேன். என் சோம்பல் என்று கணவர் நினைக்கிறார்.

திவசத்துக்கு மரக்கறி சமைத்து, அப்பாவின் படத்துக்கு முன் படைத்தோம். பனி கொட்டியதால் காகத்துக்கு வைத்த சோறு பின்வாசல் படியில் உறைந்துபோனது. மகள் படத்தைப் பார்த்து, "தாத்தாக்கு ஏன் ஒரு கை மட்டும் மடியில கிடக்கு?" என்று கேட்டாள். அவளுக்கு அவரைத் தெரியாது. தொலைபேசியில் அவர் பேசுகிற தமிழ் விளங்காமல் சிரித்துவிட்டு என்னிடம் தந்துவிடுவாள். வயசானவங்க அப்படித்தான் வைப்பாங்க என்று சொன்னேன்.

6

ஆமிக்காரர்கள் ஒரு காலையில் வந்தார்கள். அம்மா முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாகனம் வேறெந்த வீட்டிலும் நிற்கவில்லை, நேரே எங்கள் படலைக்கு வந்தது. முன்னால் வந்தவனின் கையில் ஒரு கடதாசி. அதன் இடப்பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கிழித்த கோடு தெரிந்தது.

அது எப்படி அங்கே போனது, எத்தனை கை மாறியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்பாவின் பெயரை முழுதாகக் கூப்பிட்டு, "துவக்கு எங்க?" என்று தமிழ் தெரிந்த ஒருவன் கேட்டான்.

"என்னிட்ட துவக்கு இல்லை ஐயா. முந்தி இருந்தத ஒப்படைச்சிட்டன். லைசென் இருக்கு, கொண்டு வாறன்" என்று அப்பா உள்ளே ஓடினார். அந்தப் புத்தகத்தைக் காட்டினால் எல்லாம் முடிந்துவிடும் என்ற நம்பிக்கையோடு இரண்டு கையாலும் நீட்டினார். அவர்கள் அதை வாங்கிக் கடிதத்தில் இருந்த இலக்கத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். இலக்கம் சரியாக இருந்தது. நான் பிழையில்லாமல் எழுதியிருந்தேன்.

கூரை ஓடுகளை இறக்கினார்கள். கிணற்றைச் சுற்றிக் கிண்டினார்கள். அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் நின்ற இடத்தில் நின்றேன். ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். அப்பாவுக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முகாம் வாசலில் மூன்றாம் நாள்தான் அதிகாரியைக் காண விட்டார்கள். ஆங்கிலத்தில் சொன்னேன்: கடிதம் எழுதியது நான், கேட்டது அனுமதி மட்டும், வாங்கவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். "கையில் இல்லாத ஒன்றுக்கு யாரும் அனுமதி கேட்பதில்லை, தங்கச்சி" என்றார். "கொண்டு வா. தகப்பனைக் கூட்டிக்கொண்டு போ."

வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவிடம் சொன்னேன், துவக்கைக் கேட்கிறார்கள் என்று.

"இல்லாத துவக்க எங்கால குடுக்கிற?"

"டவுன்ல இருக்கும்மா. வாங்கிக் குடுக்கலாம்."

அம்மா நடப்பதை நிறுத்தினாள். "குடுத்தா, முதலே இருந்திச்சு எண்டு ஆகிப்போகும் எல்லுவா?"

"குடுக்கல்ல எண்டா?"

வாங்கிக் கொடுத்தால், அப்பா மூன்று நாளாகச் சொல்லும் உண்மை பொய்யாகும். வாங்காவிட்டால் அந்த உண்மையோடு அவர் அங்கேயே கிடப்பார். அதே துவக்கு, அதே கேள்வி. இந்த முறை மூன்றாவது வழி எதையும் நான் தேடவில்லை.

பெனடிக் ஐயாவின் வீட்டில் பாதிச் சாமான்கள் போய்விட்டிருந்தன. நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளிறியது.

"என்ட பேர் வந்திச்சா?"

"இல்லை ஐயா. நான் எழுதல்ல."

"எழுதல்லியா? அப்ப எழுதினது நீயா?" எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "படிச்ச புள்ள எண்டு உன்ட அப்பன் எவ்வளவு பெருமையாச் சொன்னான்."

நெல்லுப் பேச்சே எடுக்கவில்லை. துவக்கைக் கழற்றினார். உருளை வேறு, பிடி வேறு, குழல் வேறு, குண்டு மூன்றும் வேறு. கைத் தையல் மெசின் ஒன்றின் அடிப் பலகைக்குள் ஒவ்வொன்றாய் எண்ணெய்ச் சீலையில் சுற்றி அடுக்கினார். திரும்பப் பூட்டும் விதத்தை மூன்று தரம் எனக்குக் காட்டித் தந்தார். "நான் அடுத்த கிழமை போறன் புள்ள. இனி என்னத் தேடி வராத" என்றார்.

மெசினை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் மூடியைத் திறந்தான். சக்கரத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்தான். ஊசி ஏறி இறங்கியது. சிரித்துக்கொண்டு மூடிவிட்டான். சிரித்தபோது அவனுக்கு என் வயதுதான் இருக்கும் போலத் தெரிந்தது.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பூட்டினோம். அம்மா உருளையைப் பிடிக்க, நான் ஆணியைத் தள்ளினேன். மறுநாள் கிராம சேவகரோடு போய்க் கொடுத்தோம். அதிகாரி உருளையைத் திறந்து பார்த்தார்.

"ஆறு போகும். மூன்றுதான் இருக்கிறது. மற்ற மூன்றும் எங்கே?"

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அந்த மூன்று குண்டுக்காக அப்பாவை இன்னும் எட்டு நாள் வைத்திருந்தார்கள்.

7

அவர் வந்தபோது வலது கையைத் தூக்க முடியவில்லை. அதன் பிறகும் அந்தக் கை எழும்பவே இல்லை. வட்டைக் காவலை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அம்மா சோற்றைக் குழைத்து ஊட்டிவிட்டாள். துவக்கு எப்படி வந்தது என்று அவளே அவருக்குச் சொன்னாள்: மகள் டவுனுக்குப் போய் வாங்கி, மெசினுக்குள் வைத்துக் கொண்டுவந்து உங்களை மீட்டாள் என்று. அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த பெருமையை நான் தாங்க வேண்டியிருந்தது.

நாலைந்து நாள் கழித்து, நான் அவருடைய கைக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"புள்ள, அவங்க ஒரு கடிதாசிய எடுத்து நீட்டி, இது உன்ட விரல்தானே எண்டு கேட்டாங்க. ஓம் எண்டன். அது என்ன கடிதாசி?"

அம்மா அடுப்படியில் இருந்தாள். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. இருபது வயதில் எனக்கு ஊரில் இருந்த ஒரே மதிப்பு என் எழுத்துத்தான். அதை அவருக்கு முன்னால் உடைக்க என்னால் முடியவில்லை.

"நிவாரணத்துக்கு எழுதினது அப்பா."

அவருடைய முகம் தெளிந்தது.

"அதத்தான் நானும் அவங்களிட்டச் சொன்னன். அடிக்க அடிக்க அதத்தான் சொன்னன். என்ட மகள் எழுதினது, நிவாரணத்துக்கு எழுதினது எண்டு. ஒருத்தனும் நம்பல்ல." நல்ல கையால் என் தலையைத் தொட்டார். "அவனுகளுக்கு வாசிக்கத் தெரியாது போல, புள்ள."